ஸ்பீக்கர் வயர் அறாமல் வைத்திருப்பது: பொக்ஸ், ஹோர்ன், ஹெட்போன்

ஒரு பக்கத்து பொக்ஸ் மட்டும் விட்டு விட்டுப் பாடுகிறது. பேஸ் விழும்போது கரகரக்கிறது, சத்தத்தைக் குறைத்தால் அடியோடு நின்றுவிடுகிறது. யாராவது போய் பொக்ஸில் ஒரு தட்டுத் தட்டினால் திரும்பப் பாடும். பத்து நிமிடத்தில் மறுபடியும் பழைய கதை. அம்பிளிபயரையும் நீட்டு வயரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் களைப்பதற்கு முதல் அந்த ஸ்பீக்கரைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். டேர்மினலில் (வெளி வயரைக் கொளுவும் தகடு) இருந்து கோனுக்கு (முன்னும் பின்னும் ஆடிச் சத்தம் எழுப்பும் கூம்பு) தொங்கிக்கொண்டு போகும் பின்னல் வயர் இரண்டில் ஒன்று உள்ளே அறுந்திருக்கும். வெளியே நூல் மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதால் பார்வைக்கு நல்லதாகத் தெரியும்.

அந்த வயர் படும் பாட்டை ஒருமுறை கணக்குப் பாருங்கள். 50 ஹேர்ட்ஸ் பேஸுக்குக் கோன் செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் போகிறது. மணித்தியாலத்துக்கு 180,000 தடவை. ஆறு மணித்தியாலம் தொடர்ந்து அப்படி ஆடினால் பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும். வீட்டு வயரிங்குக்குப் போடும் செப்பு வயரை அந்த இடத்தில் வைத்தால் அதிக நாள் நிற்காது. செம்பு வளைய வளைய இறுகும், இறுகினால் முறியும். அதனால்தான் ஸ்பீக்கருக்கென்று வரும் பின்னல் வயரைப் பருத்தி நூலிலோ சூடு தாங்கும் செயற்கை நூலிலோ மெல்லிய செப்பு நாடாவைச் சுற்றி, அப்படிப் பல இழைகளைச் சேர்த்துப் பின்னிச் செய்கிறார்கள். இழுவையை நூல் தாங்கும், மின்சாரத்தைச் செம்பு தாங்கும்.

அப்படிச் செய்த வயரும் அறுகிறதே என்றால், அறுகிற இடத்தைப் பார்க்கவேண்டும். நடுவே, நன்றாக வளைந்து தொங்கும் பகுதியில் அறுவது மிக அரிது. ஈயம் முடிந்து வயர் தொடங்கும் கோட்டில், பசை முடியும் ஓரத்தில், ரப்பர் குழாயின் வாயில்தான் அறும். அதாவது, வளைவு திடீரென்று நிற்கிற இடத்தில். பழுது பார்க்கும்போதும் புதிதாகப் போடும்போதும் கவனமெல்லாம் அந்த எல்லைக்கோட்டில் இருக்கவேண்டும்.

எந்த இடம் என்று கண்டுபிடிப்பது

மல்டிமீற்றரை 200 ஓம் அளவில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 வரையும் 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரையும் காட்டினால் கொயில் (கோனின் கழுத்தில், காந்தத்துக்குள் நிற்கும் வயர்ச் சுருள்) நல்லது. மீற்றரைப் பிடித்தபடியே கோனை அமுக்கி விட்டுப் பாருங்கள். நடுவிலுள்ள தொப்பியை அமுக்கக்கூடாது. அதைச் சுற்றி இரண்டு கையின் விரல்களையும் எதிரெதிராக வைத்து, கோன் சரியாமல் நேராக உள்ளே போகும்படி அமுக்கவேண்டும். எண் துள்ளினால் அறுவை இருக்கிறது. டிஜிட்டல் மீற்றர் கொஞ்சம் மந்தம். ஒரு கண நேரத் துண்டிப்பைத் தவறவிடும். அதற்கு 1.5 வோல்ற் டோர்ச் பற்றரி ஒன்றே போதும். பற்றரியை ஒரு கணம் தொட்டால் ‘டொக்’ என்று கேட்கவேண்டும். சத்தம் வராத நேரத்தில் பின்னல் வயரை ஒவ்வொரு முனையிலும் சாமணத்தால் மெல்ல அசைத்து அசைத்துத் தொட்டுப் பாருங்கள். எந்த முனையை அசைக்கும்போது சத்தம் வருகிறதோ அங்கேதான் பழுது. பற்றரியைத் தொட்டபடி வைத்திருக்கவேண்டாம்.

பின்னல் வயர் இரண்டும் நல்லது, ஆனாலும் தொடர்பு இல்லை என்றால், மீற்றர் முனைகளைக் கோனில் இருக்கும் ஈயப் பொட்டுகளில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் ஒன்றும் காட்டாவிட்டால், கொயிலின் மெல்லிய வயர் கோனின் கழுத்தடியில் அறுந்திருக்கும் அல்லது கொயில் எரிந்திருக்கும். தொப்பியைக் கழற்றினால்தான் எது என்று தெரியும். எரிந்த கொயில் மணத்திலேயே பிடிபடும்.

நீளம்

பின்னல் வயரை மாற்றுகிறவர்கள் அதிகம் பிழைவிடுவது நீளத்தில். குறைந்தால் கோன் முன்னே வரும்போது சுண்டி இழுக்கும். கூடினால் கோனில் பட்டுப் படபடக்கும், அல்லது பிரேமில் உரசிக் குறுக்குத்தொடுப்பு (ஷோர்ட்) ஆகும். கண்மட்டத்தில் வெட்டாமல் இப்படி அளந்துகொள்ளுங்கள். டேர்மினல் துளையில் இருந்து கோனிலுள்ள ஈயப் பொட்டுக்குப் பக்கவாட்டில் 60 மில்லிமீற்றர் தூரம், பொட்டு டேர்மினலைவிட 25 மில்லிமீற்றர் முன்னால் நிற்கிறது என்று வையுங்கள். ஓய்வில் இரண்டுக்கும் இடைப்பட்ட நேர்த்தூரம் 65. கோன் 15 மில்லிமீற்றர் முன்னே வந்தால் அந்த 25, 40 ஆகும், நேர்த்தூரம் 72. ஆகவே 72-க்குக் குறைந்தால் அது கட்டாயம் அறும். 72-ஐச் சரியாக வெட்டினாலும் ஒவ்வொரு பெரிய அடிக்கும் வயர் நிமிர்ந்து சுண்டும். அதற்கு மேல் 10 மில்லிமீற்றர் விட்டு 82 வைத்தால் எந்த நிலையிலும் ஒரு வளைவு மிச்சம் இருக்கும். ஈயத்துக்குள் போகும் முனைக்கு இரண்டு பக்கமும் 4, 5 மில்லிமீற்றர் தனியாகச் சேர்க்கவேண்டும்; வெட்டும்போது பலர் மறப்பது இதைத்தான்.

15 என்பது எல்லா ஸ்பீக்கருக்கும் பொதுவான எண் அல்ல. உங்கள் கோனை விரலால் மெல்லத் தள்ளி, இறுக்கம் தொடங்கும் இடம்வரை எவ்வளவு போகிறது என்று அடிமட்டத்தால் அளந்து அந்த எண்ணைப் போடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் அறுந்திருந்தாலும் இரண்டையும் மாற்றுவது நல்லது. ஒன்று பழையது விறைப்பாகவும் மற்றது புதியது மென்மையாகவும் இருந்தால் கோன் ஒரு பக்கம் சரிந்து ஆடும். கொயில் இடைவெளியில் உரசத் தொடங்கினால் பிறகு வயரைப் பற்றிய பேச்சுக்கே இடமிருக்காது. டேர்மினல் முனையில், ஈயத்தின் ஓரத்தில் மட்டும் அறுந்து, வயரில் மிச்ச நீளமும் இருந்தால், 4 மில்லிமீற்றர் வெட்டிவிட்டுத் திரும்பப் பற்றவைக்கலாம். மேலே சொன்ன கணக்கில் 72-க்கு மேல் தாராளமாக நின்றால் மட்டும்.

வயரின் தடிப்பு பழையதை ஒத்திருக்கவேண்டும். 8 ஓமில் 100 வாட்ஸ் என்றால் ஓடுவது ஏறக்குறைய 3.5 அம்பியர், 4 ஓமில் 400 வாட்ஸ் என்றால் 10 அம்பியர். பெரிய பேஸ் ஸ்பீக்கரில் றேடியோவுக்குப் போடும் மெல்லிய பின்னலைப் போட்டால் அது சூடாகி நூல் கருகும். அதற்காகச் சிறிய ஸ்பீக்கருக்குத் தடித்த பின்னலைப் போடுவதும் தவறு. விறைத்த வயர் தன் முனையைத் தானே முறிக்கும். வவுனியா, கிளிநொச்சிக் கடைகளில் சரியான தடிப்புக் கிடைக்காவிட்டால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போகிறவரிடம் பழைய துண்டொன்றைக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொல்லி அனுப்பினால் வேறு ஏதாவது வரும்.

ஈயம் வைக்கும் விதம்

விளக்குத் திரி எண்ணெய் குடிப்பதுபோலப் பின்னல் வயர் ஈயத்தைக் குடிக்கும். சூடு கொஞ்சம் கூடினாலோ நேரம் நீண்டாலோ ஈயம் பின்னலுக்குள் 10, 15 மில்லிமீற்றர் ஏறிவிடும். ஏறிய பகுதி கம்பிபோல விறைக்கும். பொட்டு பளபளவென்று அழகாக இருக்கும். ஆடவேண்டிய வயரின் கால்வாசி ஆடாது. மிச்சப் பகுதி எல்லா வளைவையும் ஒரே கோட்டில் வாங்கிக்கொண்டு சில நாளில் அறும். ‘நல்லாப் பற்றவைத்தேன், திரும்பவும் அறுந்துவிட்டது’ என்று வருகிற ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

தேவையானவை: ஈயம் பற்றவைக்கும் 40 வாட்ஸ் அயன் (கூர் முனை), 0.8 மில்லிமீற்றர் 60/40 ஈயக்கம்பி (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்; உள்ளே றோசின் என்ற பிசின் உள்ளது), கூரான சாமணம், ஒரு றப்பர் பாண்ட், பழைய வயரில் இருந்து எடுத்த தனிச் செப்பு இழை. தகரம் ஒட்டுகிறவர்கள் பாவிக்கும் அமிலப் பசையை இந்த மேசையிலேயே வைக்கக்கூடாது. அது பின்னலுக்குள் ஊறினால் கழுவி எடுக்க வழியில்லை. சில மாதத்தில் செம்பு பச்சைக் களிம்பு பிடித்துத் தூளாகும்.

பின்னலை வெட்டும் இடத்தில் முதலில் செப்பு இழையை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி, சுற்றின் நடுவே வெட்டுங்கள். சுற்றாமல் வெட்டினால் நுனி பூவாய் விரியும். திரும்பக் கூட்ட முடியாது. பிறகு நுனியில் இருந்து 3 மில்லிமீற்றர் விட்டுச் சாமணத்தால் கவ்வி, சாமணத்தின் கால்களில் றப்பர் பாண்டைப் போட்டுவிடுங்கள். கை விட்டாலும் அது பிடித்துக்கொள்ளும். சாமணத்தின் இரும்பு சூட்டை வாங்குவதால் ஈயம் அதைத் தாண்டி ஏறாது. அயனை 330 பாகை அளவில் வைத்து, வெளியே நிற்கும் நுனிக்கு மட்டும் இரண்டு செக்கன் ஈயம் காட்டுங்கள். ஆறிய பிறகு சாமணத்தை எடுங்கள்.

டேர்மினல் தகட்டிலுள்ள பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, துளையைத் திறந்து, நுனியைத் துளையினூடாகக் கோத்துத் தகட்டை மெல்ல மடித்துவிடுங்கள். பிடிப்பைத் தகடு தரவேண்டும். ஈயம் தொடர்புக்கு மட்டும். ஈயமே பிடிப்பாக இருந்தால் அதிர்வில் அது சுற்றிவர வெடித்து வளையமாய்ப் பிரியும். திரும்பச் சாமணத்தால் கவ்வி, மூன்று செக்கனுக்குள் முடியுங்கள். ஆறும்வரை அசைக்கவேண்டாம். அசைந்தால் பொட்டு மங்கலாக, மணல்போல உறையும். அதை உருக்கித் திரும்ப வைக்கவேண்டும்.

இப்போது பரிசோதனை: வயரை விரலால் மெல்லத் தள்ளினால் தகட்டில் இருந்து ஒரு மில்லிமீற்றரிலேயே அது துவளத் தொடங்கவேண்டும். 5 மில்லிமீற்றர் விறைத்து நின்றால் ஈயம் ஏறியிருக்கிறது. மனம் இரங்காமல் வெட்டிவிட்டுப் புதிய துண்டு எடுங்கள்.

பொக்ஸின் உள் வயரை டேர்மினலுக்கு நேரே பற்றவைக்காமல் செருகும் லக் (வயர் நுனியில் பூட்டும் சிறு தகடு) போட்டுக் கொளுவுவது நல்லது. ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்ட அயன் வைத்தால் அந்தச் சூடு மறுபக்கத்துப் பொட்டையும் உருக்கி, ஈயத்தைப் பின்னலுக்குள் இன்னும் ஏற்றும். உள் வயரைப் பொக்ஸ் பலகையில் கிளிப் அடித்து நிறுத்துங்கள். தொங்கவிட்டால் அதுவே டேர்மினலை ஆட்டிக்கொண்டிருக்கும். டேர்மினல் பலகையைப் பிரேமில் பிடிக்கும் றிவெற் கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பசை

எல்லைக்கோட்டை மென்மையாக்குவதற்கு நெகிழும் பசைதான் ஒரே வழி. ஈயம் முடியும் இடத்தில் இருந்து 5 மில்லிமீற்றருக்கு, முனையில் தடிப்பாகவும் போகப்போக மெல்லிதாகவும், வாழைக்குருத்து ஒடுங்குவதுபோலப் பூசுங்கள். வளைவு திடீரென்று நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நிற்கும். ஒரே தடிப்பில் திரட்டி வைத்தால் எல்லைக்கோட்டை 5 மில்லிமீற்றர் தள்ளி வைத்ததைத் தவிர வேறு பயன் இல்லை.

செருப்புத் தைக்கிறவர்கள் பாவிக்கும் கறுப்பு அல்லது மஞ்சள் ரப்பர் பசை இதற்கு நல்லது. சிலிக்கன் என்றால் விநாகிரி மணம் வராத வகையைக் கேட்டு வாங்குங்கள். அந்த மணம் அசற்றிக் அமிலத்தின் மணம், செம்பை அரிக்கும். சூப்பர் குளூ கூடவே கூடாது. ஈயத்தைவிட வேகமாகப் பின்னலுக்குள் ஊறி, காய்ந்ததும் கண்ணாடிபோல இறுகும். எபொக்சியும் அதே குணம்தான். கோனில் இருக்கும் பொட்டை மூட ஒரு துளி வைக்கலாம், வயரில் வழிய விடக்கூடாது.

கோன் பக்கத்து முனையில் வேலை நுணுக்கம் கூடும். கொயிலில் இருந்து வரும் மெல்லிய எனாமல் வயர் கோனின் மேல் ஒட்டப்பட்டு வந்து, ஈயப் பொட்டில் பின்னலோடு சேருகிறது. இந்தச் சந்திப்பைக் கொயிலுக்குப் பக்கத்தில் வைக்காமல் கோனில் தள்ளி வைப்பதற்குக் காரணம் சூடு. மேடையில் ஓங்கிப் பாடும் கொயில் 200 பாகையையும் தாண்டும். 60/40 ஈயம் 183 பாகையிலேயே இளகத் தொடங்கும். அறுந்ததை ஒட்டுகிறேன் என்று சந்திப்பைக் கழுத்தடிக்குக் கொண்டுபோனால், முதல் நல்ல பாட்டுக்கே ஈயம் இளகி விலகும்.

எனாமல் வயர் கோனில் முழுநீளமும் ஒட்டியிருக்கவேண்டும். பசை விட்டு 10 மில்லிமீற்றர் எழும்பியிருந்தாலும் அந்தத் துண்டு தனியாக அதிர்ந்து முறியும். பொக்ஸைத் திறக்கும் போதெல்லாம் டோர்ச் அடித்து இதைப் பாருங்கள். எழும்பியிருந்தால் ஈர்க்கால் தொட்டு ரப்பர் பசை வைத்துப் படியவையுங்கள். முறிந்துவிட்டால், இரண்டு முனையிலும் எனாமலை நீக்கி, 3 மில்லிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஈயம் காட்டி, முழுவதையும் பசையால் கோனோடு சேர்க்கவேண்டும். சில எனாமல் 380 பாகைச் சூட்டில் தானே எரிந்து ஈயம் பிடிக்கும். மேடை ஸ்பீக்கரில் வருவது பெரும்பாலும் பிடிக்காது. 600 இலக்க உப்புத்தாளால் மெல்லச் சுரண்டவேண்டும். பிளேட்டால் சுரண்டினால் வயரில் வெட்டு விழும், அடுத்த அறுவை அந்த வெட்டில்தான். சுரண்டும்போது சிவப்புப் போய் வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். சுரண்டலை உடனே நிறுத்துங்கள்; வெள்ளையில் சாதாரண ஈயம் ஒட்டாது.

ஹோர்ன் யூனிற்

பனையிலும் கோபுர வாசலிலும் கட்டும் ஹோர்னுக்குள் கோன் இல்லை. டயபிரம் என்ற மெல்லிய படலமும் அதோடு ஒட்டிய கொயிலும் இருக்கின்றன, இரண்டும் சேர்ந்த பகுதிதான் யூனிற். வயருக்குப் பதில் மெல்லிய தட்டை நாடா. அது ஆடக்கூடிய தூரம் மிகக் கொஞ்சம், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அதற்கு மேல் ஆட்டினால் நாடா முறியும், அல்லது டயபிரம் வெடிக்கும்.

ஆட்டுவது தாழ்ந்த சுருதி. ஒரே சத்தத்துக்குச் சுருதி குறையக் குறைய டயபிரம் கூடுதலாக ஆடவேண்டும். ஹோர்ன் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாகப் பாடாது. ஆனால் பறை, தவில், பாட்டின் பேஸ் எல்லாம் யூனிற்றுக்குள் போய் டயபிரத்தை வீணே ஆட்டும். யூனிற்றுக்குத் தொடராக ஒரு கண்டென்சர் போட்டால் போதும். 16 ஓம் யூனிற்றுக்கு 300 ஹேர்ட்ஸில் வெட்ட 33 மைக்ரோபரட், 8 ஓமுக்கு 66. முனை பேதம் இல்லாத வகை வேண்டும். கிடைக்காவிட்டால் 68 மைக்ரோபரட், 100 வோல்ற் சாதாரணக் கண்டென்சர் இரண்டை எடுத்து, மைனஸ் முனைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தொடராகப் போடுங்கள். இரண்டும் சேர்ந்து 34 ஆகும். 100 வோல்ற் லைனில் ட்ரான்ஸ்போமரோடு இருக்கும் ஹோர்ன் என்றால், கண்டென்சரை ட்ரான்ஸ்போமருக்கும் யூனிற்றுக்கும் நடுவே வையுங்கள். மிக்சரிலுள்ள மைக் சனலின் ‘லோ கட்’ (தாழ்ந்த சுருதியை வெட்டும்) பொத்தானையும் அமுக்கியே வைத்திருங்கள்.

யூனிற்றைக் குழாயில் பூட்டாமல் மேசையில் வைத்துப் பாடவிட்டுப் பார்க்கும் பழக்கத்தை விடவேண்டும். குழாயிலுள்ள காற்றுத்தான் டயபிரத்துக்குப் பிடிமானம். அது இல்லாவிட்டால் அதே வாட்ஸில் டயபிரம் கட்டுக்கடங்காமல் ஆடும். மைக்கை ஊதிப் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் இதே ரகம். ஒரு ஊதலில் போகும் தாழ்ந்த துடிப்பு ஒரு மணித்தியாலப் பிரசங்கத்தைவிட நாடாவுக்குக் கெடுதல். ‘ஹலோ, ஒன்று இரண்டு மூன்று’ என்று வாயால் சொல்லிப் பாருங்கள். அதுதான் ஊர் வழக்கமும்.

டயபிரம் மாற்றும்போது நாடா முறிவது பெரும்பாலும் டேர்மினல் நட்டை இறுக்கும் கணத்தில். நட்டு சுற்றும்போது அடியிலுள்ள திருகும் சேர்ந்து சுற்றி நாடாவை முறுக்கும். திருகின் தலையைக் குறட்டால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். நாடா டேர்மினலுக்கு வரும் வழியில் சிறிய வளைவு இருக்கவேண்டும். விறைப்பாய் நின்றால் ஆணிகளைத் தளர்த்தி டயபிரத்தை ஒரு துளி திருப்பிச் சரிசெய்யுங்கள். பூட்ட முதல் காந்த இடைவெளியை ஒட்டுநாடாவைத் தடித்த கடதாசியில் மடித்துச் சுற்றிவரத் துடையுங்கள். இரும்புத்தூள் இருந்தால் கொயிலைச் சுரண்டும். ஆணிகளைக் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்கவேண்டும்.

ஓட்டோவில் பூட்டும் சிறிய ஹோர்னுக்கு இன்னொரு துன்பம். பாண் விற்கும் ஓட்டோவில் ஒரே மெட்டு நாள் முழுக்கப் போகிறது. அதற்கு மேல் என்ஜின் அதிர்வும் உண்டு. கூரைத் தகட்டுக்கும் ஹோர்ன் காலுக்கும் நடுவே பழைய ரியூப் ரப்பரில் இரண்டு மடிப்பு வைத்துப் பூட்டுங்கள். வெளி வயரை யூனிற்றின் பக்கத்தில் ஒரு சிறு வளையமாக விட்டுக் கட்டினால் இழுவை டேர்மினலுக்குப் போகாது; மழைநீரும் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும்.

ஏற்றி இறக்குவதும் வைப்பதும்

நெடுங்கேணியில் இருந்து ஒட்டுசுட்டானுக்கு லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றிப் போன பேஸ் பொக்ஸ், ஒரு பாட்டும் பாடாமலே வயரைத் தேய்த்துக்கொள்ளும். குழியில் விழுந்தெழும்பும் ஒவ்வொரு உலுப்பலும் மேலும் கீழுமாகத்தான் வரும். பொக்ஸை முகம் மேலே பார்க்கப் படுக்கவைத்தால் அந்த உலுப்பல் முழுவதும் கோனை ஆட்டும். நிமிர்த்தி, முகம் பக்கவாட்டில் பார்க்க நிறுத்துங்கள். கூடவே ஸ்பீக்கர் டேர்மினல் இரண்டையும் ஒரு துண்டு வயரால் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். இணைத்தபின் கோனைத் தள்ளிப் பாருங்கள், தேனுக்குள் தள்ளுவதுபோல இருக்கும்: கொயில் காந்தத்துக்குள் அசையும்போது உண்டாகும் மின்சாரமே அதை எதிர்த்துப் பிடிக்கிறது. செலவில்லாத காவல். போய்ச் சேர்ந்ததும் கழற்ற மறக்கக்கூடாது, அம்பிளிபயர் அதைக் குறுக்குத்தொடுப்பாகப் பார்க்கும். மறவாமல் இருக்க ஒரு சிவப்புச் சீலைத் துண்டை அதில் கட்டிவிடுங்கள்.

துளை வைத்த பேஸ் பொக்ஸ், தான் பாடக்கூடிய அடிச்சுருதிக்குக் கீழே கோனைப் பிடிக்காது. கோன் வெறுமனே துள்ளும். ஈக்குவலைசரில் 40 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். சத்தத்தில் குறை தெரியாது, வயருக்கு ஆயுள் கூடும். ஏற்றும்போது மிக்சரை முதல் போட்டு அம்பிளிபயரைக் கடைசியில் போடவேண்டும். நிறுத்தும்போது அம்பிளிபயர் முதல். ஜெனரேற்றருக்கு மாற்ற முதலும் அம்பிளிபயரை நிறுத்துங்கள். அந்த ‘டப்’ ஒவ்வொன்றும் கோனை எல்லைவரை எறியும்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா என்று வேலை நெருங்கும் மாதங்கள்தான் கச்சான் காற்றும் கிரவல் தூசும் உள்ள மாதங்கள். தூசு பின்னலுக்குள் இறங்கினால் இழையோடு இழை உரசும்போது அது உப்புத்தாளின் வேலையைச் செய்யும். பொக்ஸின் பின்மூடிக்கு ஸ்பொஞ்சுப் பட்டி ஒட்டி மூடுங்கள். முல்லைத்தீவு, அளம்பில், பேசாலை போன்ற கரையோரங்களில் தூசைவிட உப்புக்காற்றுத்தான் கெடுதல். பின்னல் முதலில் கறுக்கும், பிறகு ஈயத்தின் ஓரத்தில் பச்சைக் களிம்பு தெரியும். களிம்பு கண்டால் துடைத்துப் பயனில்லை, உள்ளே போயிருக்கும், மாற்றுங்கள். மாரிக்கு முன், வேலை இல்லாத நாளில் பொக்ஸைத் திறந்து பொட்டுகளை ஐசோபுரோபைல் அற்ககோலால் துடைத்து, பசை ஓரங்களைப் பார்த்துவிட்டு, ஈரம் ஏறாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஹோர்ன் வாயைச் சீலையால் கட்டாமல் வைத்தால் மாரி முடிய உள்ளே குளவிக்கூடு இருக்கும்.

ஹெட்போன், கைபேசி, மைக்

இவற்றிலும் காந்தம், கொயில், டயபிரம் என்ற அதே அமைப்புத்தான். வயர்தான் தலைமயிர் அளவு. 32 ஓம் ஹெட்போன் மீற்றரில் ஏறக்குறைய 30 முதல் 32 வரை காட்டும். ஒரு காது கேட்காவிட்டால் யூனிற்றைத் திறக்க முதல் கேபிளைப் பாருங்கள்: செருகியின் கழுத்தில் இருந்து 3 சென்ரிமீற்றருக்குள்தான் பெரும்பாலும் அறுந்திருக்கும். அங்கே வெட்டிப் புதிய செருகி போடும்போது, உலோக மூடிக்குள் கேபிளின் மேலுறையைக் கவ்வவேண்டும், உள் இழைகளை அல்ல. கழுத்துக்கு ஒரு பழைய போல்பொயின்ற் பேனாவின் ஸ்பிரிங் சுற்றினால் வளைவு பரவும். கேபிளை போனைச் சுற்றி இறுக்கிச் சுற்றி வைப்பவர்களுக்கு எந்தச் செருகியும் நிற்காது.

கேபிள் நல்லதென்றால், யூனிற்றின் பின்னால் இருக்கும் பட்டையில் இரண்டு ஈயப் புள்ளிகள் தெரியும். அங்கே அறுந்திருந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு முயலலாம்: அயன் 380 பாகை, முனையில் ஒரு சிறு ஈயமணி, அதில் வயர் நுனியை ஒரு செக்கன் தோய்த்தால் எனாமல் எரிந்து ஈயம் பிடிக்கும், பிறகு புள்ளியில் தொட்டு வையுங்கள். டயபிரத்தில் இருந்து புள்ளிக்கு வரும் வயர் தளர்ந்த வளைவாக இருக்கவேண்டும். வீணைத் தந்திபோல இறுகி நின்றால் அன்றே அறும். மிகத் தளர்ந்தால் டயபிரத்தில் பட்டு ஙொய் என்று இரையும். டயபிரத்தின் மேல், பசை முடியும் ஓரத்தில் அறுந்தால் ஒட்டிப் பயனில்லை. ஈயத்தின் பாரமே அந்த மெல்லிய படலத்தின் ஓசையைக் கெடுக்கும். யூனிற்றை மாற்றுங்கள், இரண்டு காதுக்கும் சோடியாக.

கைமைக்கின் தலைக்குள்ளும் இதே வயர்தான். கீழே விழுந்த மைக் மங்கலாகவோ விட்டு விட்டோ கேட்டால், வலைத்தலையைக் கழற்றி முதலில் யூனிற்றுக்குப் பின்னால் வரும் இரண்டு சிறு வயரின் ஈயத்தைப் பாருங்கள். பிடிக்குள் அவை இறுக்கமாக இழுபட்டிருந்தால் 2 சென்ரிமீற்றர் கூடிய நீளமுள்ள வயராக மாற்றி, யூனிற்றைத் தாங்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிட்டுத் தலையைப் பூட்டுங்கள்.